முள்ளோடையைத் தாண்டினால் தலைமறைவா?

சிதம்பரத்திலோ கடலூரிலோ பஸ் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர், இருக்கையை விட்டு எழாமலேயே நான்கு முறை எல்லை கடந்துவிடுகிறார். ஆல்பேட்டைக்கு அப்பால் முள்ளோடையில் தமிழ்நாடு முடிகிறது. புதுச்சேரி நகரம் தாண்டிக் கோட்டக்குப்பத்தில் மறுபடி தமிழ்நாடு. காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. கனகசெட்டிகுளம் கடந்ததும் திரும்பவும் தமிழ்நாடு. ‘தமிழ்நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது’ என்ற நிபந்தனையோடு ஜாமீனில் இருக்கும் ஒருவர், அந்த நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப்போட இந்த வழியில் போனால், போகிற வழியிலேயே அதை இரண்டு முறை மீறிவிடுகிறார். வடலூர்க்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகப் போய்விடலாம்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு எல்லை கடப்பது பயணமே இல்லை. நெஞ்சு வலி என்றால் புதுச்சேரி ஜிப்மர். மகளுக்குப் பட்டுப்புடவை என்றால் நேரு வீதி. மலிவான மதுவுக்காகப் போகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் கடைப் பலகையில் உள்ள முகவரியைப் படித்தால்தான் எந்த அரசாங்கத்தின் மண்ணில் நிற்கிறோம் என்றே தெரியும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மேல் எஃப்.ஐ.ஆர். விழுந்து, விசாரணை நடக்கும்போது அவர் மாநிலத்தை விட்டு வெளியே போனால் சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது?

இதையொட்டி இரண்டு வழக்கங்கள் இங்கே ஊறிக் கிடக்கின்றன. ஒன்று ஜனங்களுடையது: வழக்கு என்று காதில் விழுந்ததும் வீட்டுப் பெரியவர், கட்சிக்காரர், சில நேரம் வக்கீல் குமாஸ்தாவே, “கொஞ்ச நாள் வெளியூர்ல இரு தம்பி, முன்ஜாமீன் வந்ததும் பாத்துக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிடுவது. இன்னொன்று காவல் துறையும் நீதிமன்றமும் கைக்கொள்வது: ஆளை ஓர் ஊரில் நிறுத்தி, தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்குவது. இரண்டும் எல்லைக்கோட்டுக்கு அதற்கில்லாத பெரிய சக்தியைக் கொடுத்துவிடுகின்றன. கூப்பிட்டால் ஆள் வருகிறாரா என்பதைத்தான் சட்டம் முதன்மையாகக் கேட்கிறது. அவர் எந்த மாநிலத்தில் தூங்கினார் என்பது அதற்குப் பின்னால் வரும் கேள்வி.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் இது தெளிவாகத் தெரியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482ஆம் பிரிவாகியிருக்கிறது. முன்ஜாமீன் கொடுக்கும் நீதிமன்றம் என்னென்ன நிபந்தனை போடலாம் என்று அது எடுத்துச் சொல்கிறது: விசாரணைக்குக் கூப்பிட்டால் வர வேண்டும், சாட்சிகளை மிரட்டக் கூடாது, நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது. கவனியுங்கள், இந்தியாவை விட்டு. மாநிலம் என்ற பேச்சே அந்த வரிசையில் இல்லை. நிபந்தனை எதுவும் போடப்படாத நிலையில், பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் பெங்களூருக்கோ கொச்சிக்கோ போவது குற்றம் இல்லை. நாடெங்கும் தடையின்றி நடமாடும் உரிமை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவில் இருக்கிறது. அதை வெட்டுவதற்குச் சட்டத்தின் ஆணை வேண்டும். இன்ஸ்பெக்டர் போனில் “ஊரை விட்டு எங்கயும் போகாதே” என்று சொல்வது அந்த ஆணை ஆகாது.

எல்லைக்கோடு உண்மையாகவே ஆளைக் காத்த காலம் ஒன்று இருந்தது. 1908இல் ‘இந்தியா’ பத்திரிகைமேல் ராஜத்துரோக வழக்கு வந்து, பதிவுக் கணக்கில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதி பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்து சேர்ந்தார். ‘கர்மயோகின்’ கட்டுரைக்காகக் கல்கத்தாவில் அவருக்குப் பிடிவாரண்ட் பிறந்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுரை ராஜத்துரோகம் இல்லை என்று சொல்லி, அச்சிட்டவருக்குக் கொடுத்த தண்டனையை ரத்து செய்தது. எழுதியவர் பிரெஞ்சு மண்ணில் இருந்தபடியே வழக்கு அவிந்துபோனது. பாரதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பத்தாண்டு கழித்து, 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரியை விட்டு வெளியே வந்தவரைக் கடலூருக்கு அருகே பிடித்தார்கள். டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறை. நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் விடுதலை. அங்கிருந்து கடையம்.

எல்லை தாண்டியவரைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் படம் இன்னும் அந்தக் காலத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே போய்விட்டால் இங்கத்திய போலீஸ் வர முடியாது என்ற நினைப்பு, 1954 நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. சட்டத்தில் இன்று புதுச்சேரி, ஹைதராபாத், ஹாசன் எல்லாமே ஒன்றுதான். பிடிவாரண்டை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் நிறைவேற்றலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யும் அதிகாரம் உள்ள வழக்கில், ஆளைத் துரத்திக்கொண்டு எந்த மாநிலத்துக்கும் போலீஸ் போகலாம்.

எல்லை தாண்டிய கைதில் மாறுவது ஒரு படிதான், அதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. பிடிவாரண்ட் பிறந்த மாவட்டத்துக்கு வெளியே கைது நடந்தால், ஆளை அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமோ எஸ்.பி.யிடமோ கொண்டுபோக வேண்டும். ஆனால் வாரண்ட் பிறப்பித்த நீதிமன்றம் கைதான இடத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்தப் படி தேவையில்லை, நேராகவே கொண்டு வரலாம். கடலூர் நீதிமன்றத்தின் வாரண்டோடு புதுச்சேரி நகரத்தில் பிடிபட்டவர் இந்த முப்பதுக்குள் வந்துவிடுவார். சிதம்பரம் நீதிமன்றத்தின் வாரண்ட் என்றால் வரமாட்டார். உயர் நீதிமன்றம்கூட மாறாது. புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆக முள்ளோடையைத் தாண்டி ஒளிகிறவர், போலீஸ்காரரின் தொப்பியை மட்டும்தான் மாற்றிக்கொள்கிறார்.

அப்படியானால் ஏன் ஜனங்கள் ஓடுகிறார்கள்? அறியாமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனமில்லை. கிராமத்துத் தகராறு ஒன்றில் ‘மற்றும் பலர்’ என்று எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால், அந்தப் ‘பலர்’ யார் வேண்டுமானாலும் ஆகலாம். ராத்திரி ஜீப் வரும். பெயர் இருக்கிறவன், இல்லாதவன், தெருவில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவன் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகும். 2023 ஜூலை 28 அன்று நெய்வேலியில் என்.எல்.சி.க்கு எதிரான முற்றுகை கல்வீச்சிலும் கண்ணீர்ப் புகையிலும் முடிந்தது. அப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு சுற்று வட்டாரத்து வீடுகளில் ஆண்கள் இரவு தங்கத் தயங்கினால், அதைக் குற்ற உணர்ச்சி என்று படிப்பது தவறு.

இந்த மாவட்டத்துக்கு அதைவிடப் பழைய நினைவு ஒன்றும் உண்டு. 1993 மார்ச்சில் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் உள்ள கம்மாபுரம் ஸ்டேஷனுக்குத் திருட்டு வழக்கு விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்ட முதனை கிராமத்து ராஜாக்கண்ணு திரும்பி வரவில்லை. ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றது போலீஸ். அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டு நடத்திய பிறகுதான், மாவட்ட எல்லைக்கு அப்பால் மீன்சுருட்டிப் பக்கம் கிடந்த உடல் அவருடையது என்று வெளியே வந்தது. காவல் துறையினருக்குத் தண்டனை கிடைத்து, உயர் நீதிமன்றத்தில் அது உறுதியாக 2006 ஆனது. ‘ஜெய் பீம்’ படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். இங்கே நான் சொல்ல வருவது அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி. ‘தலைமறைவு’ என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் செயலாக மட்டும் இருப்பதில்லை, போலீஸ் தன் வசதிக்கு எழுதிக்கொள்ளும் வாக்கியமாகவும் இருக்கலாம். ஆகவே கோப்பில் அந்தச் சொல்லைப் பார்த்ததும், யார் தேடினார்கள், எந்த வீட்டுக்குப் போனார்கள், எந்த நோட்டீஸை யார் கையில் கொடுத்தார்கள் என்று நீதிபதி கேட்பது அவசியம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வெளியூர் போகச் சொல்லும் அறிவுரையின் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்த ஆபத்து எல்லையில் இல்லை, செல்போனை அணைத்து வைப்பதில் இருக்கிறது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் இயந்திரம்போலக் கைது செய்யாதே என்று 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைதுக்குப் பதில் ஆஜராகும்படி நோட்டீஸ். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. இவ்வளவு பாதுகாப்பும் நோட்டீஸை மதித்து வருகிறவருக்குத்தான். வராவிட்டால் கைது செய்யலாம் என்று அந்த நோட்டீஸுக்கான சட்டப் பிரிவே சொல்கிறது. வீட்டில் கொடுத்த நோட்டீஸுக்கு ஆள் வரவில்லை என்றால், கைதே தேவைப்படாத வழக்கில் கைதுக்கான காரணத்தை அவரே போலீசுக்குக் கொடுக்கிறார்.

அதற்கு அடுத்த படிகள் வேகமாக இறங்கும். ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட். பிறகு ஊர் நடுவிலும் வீட்டுக் கதவிலும் ஒட்டும் பிரகடனம், அதில் ஆஜராகக் குறைந்தது 30 நாள் அவகாசம். அதற்கும் வராவிட்டால் நிலம், வீடு, வண்டி ஜப்தி. பிரகடனத்துக்கு ஆஜராகாமல் இருப்பதே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 209ஆம் பிரிவில் தனிக் குற்றம்: மூன்றாண்டு வரை, பெரிய குற்றங்களில் ‘பிரகடனக் குற்றவாளி’ என்று அறிவிக்கப்பட்டுவிட்டால் ஏழாண்டு வரை. முதல் வழக்கில் விடுதலையாகக்கூடியவர், இந்த இரண்டாவது வழக்கில் மாட்டிக்கொள்ளலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பிரகடனம் ஆனவருக்கு முன்ஜாமீன் சாதாரணமாகக் கிடைக்காது என்று 2012இல் லவேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதை எதிர்பார்த்து வெளியூர் போனாரோ, அந்தக் கதவையே வெளியூர்ப் போக்கு அடைத்துவிடுகிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், தப்பித் திரியும் பிரகடனக் குற்றவாளி இல்லாமலேயே விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்லவும் வழி வைத்திருக்கிறது.

பெயர் தெரிந்தவர்களே இதில் தப்பவில்லை. முன்னாள் அமைச்சர் ராஜேந்திர பாலாஜியின் முன்ஜாமீன் மனு 2021 டிசம்பரில் தள்ளுபடி ஆனதும், தனிப்படைகள் தேடி, 2022 ஜனவரி 5 அன்று கர்நாடகத்தின் ஹாசனில் பிடித்தன. ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் நான்கு வார இடைக்கால ஜாமீன் கொடுத்தது. நடிகை கஸ்தூரி மேல் 2024 நவம்பரில் ஒரு மேடைப் பேச்சுக்காக வழக்கு. 14ஆம் தேதி மதுரைக் கிளையில் முன்ஜாமீன் மறுப்பு, 16ஆம் தேதி ஹைதராபாத்தில் கைது, 20ஆம் தேதி எழும்பூரில் ஜாமீன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டு பக்கமும் குறை தெரிகிறது. மேல் நீதிமன்றம் போக அவகாசம் தேடி மாநிலம் தாண்டியதால் யாரும் எதையும் பெறவில்லை. ஒரு பேச்சுக்கான வழக்கில் மாநிலம் தாண்டித் தனிப்படை அனுப்பி, நாலே நாளில் ஜாமீன் ஆகும் ஒரு கைதால் விசாரணைக்கு என்ன கிடைத்தது என்பதும் விளங்கவில்லை.

ஓடியதே குற்றத்துக்குச் சாட்சி ஆகுமா? சாட்சியச் சட்டத்தில் நடத்தை என்பது பொருட்படுத்தத்தக்க விஷயம், அதனால் அரசுத் தரப்பு இதைக் கட்டாயம் எடுத்து வைக்கும். ஆனால் நிரபராதியும் பயந்து ஓடக்கூடும் என்பதால் தலைமறைவை மட்டும் வைத்துக் குற்றத்தை முடிவு செய்ய முடியாது என்று 1971இல் மாத்ரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு நாளுக்கு இது ஆறுதல். ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நாளில் இது உதவாது. அந்த அறையில் ‘மனுதாரர் மூன்று வாரம் தலைமறைவாக இருந்தார்’ என்ற ஒரு வரி போதும், மனு தள்ளிப்போய்விடும்.

மாநிலம் தாண்டுவது எதிர்த்திசையிலும் நடக்கிறது. பழைய கடலூர்ப் படகுக்காரர்களும் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்களும் கேரளத்துக்கும் மங்களூருக்கும் பிழைக்கப் போகிறார்கள். அங்கே ஒரு தகராறு, ஒரு வழக்கு, உடனே ரயிலேறி ஊருக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் ஓடி ஒளியவில்லை, வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊர் ஸ்டேஷன் கோப்பில் அவர்கள் மாநிலத்தை விட்டு வெளியேறியவர்கள். இவர்களுக்கு 2023 நவம்பர் 20 அன்று வந்த பிரியா இந்தோரியா தீர்ப்பு பெரிய உதவி. வழக்கு வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தாலும், தக்க காரணம் இருந்தால், ஆள் இருக்கும் ஊரின் செஷன்ஸ் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் கொடுக்கலாம், அந்த இடைவெளியில் அவர் வழக்குள்ள நீதிமன்றத்துக்குப் போய் நிவாரணம் கேட்டுக்கொள்ளலாம். மாநில எல்லையை ஒளிவிடமாகவும் ஆக்காமல் பொறியாகவும் ஆக்காமல் கையாண்ட தீர்ப்பு என்று இதைச் சொல்வேன். இங்கே கடலூரில் இதைக் கேட்டு மனுப்போட வேண்டும் என்று அந்தக் கட்டட வேலைக்காரருக்கு யார் சொல்வார் என்பது வேறு கேள்வி.

இனி மற்ற வழக்கம், கண்டிஷன் ஜாமீன். தமிழ்நாட்டில் ஜாமீன் உத்தரவு என்றாலே ‘தினமும் காலை 10.30 மணிக்கு, மறு உத்தரவு வரும்வரை’ என்ற வரி கூடவே வரும். சில வழக்குகளில் ‘வேறு ஊரில் தங்கி அங்கே கையெழுத்திட வேண்டும்’ என்றும் வரும். இந்த இரண்டாவது வகைக்கு வலுவான நியாயம் உண்டு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். சாதி மோதல் நடந்த ஊரில், தாக்கியவன் பத்து நாளில் ஜாமீனில் வந்து புகார் கொடுத்தவர் வீட்டு வாசலில் பைக்கை முறுக்கிக்கொண்டு நின்றால், அந்த வழக்கில் எந்தச் சாட்சி வாய் திறப்பார்? அவனைத் திருச்சியிலோ மதுரையிலோ இரண்டு மாதம் இருக்கச் சொல்வது, பாதிக்கப்பட்டவர் மூச்சு விடக் கிடைக்கும் இடம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணையில் தன் தரப்பைச் சொல்லும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்திருக்கிறது. ‘அவனை ஊருக்குள் விடாதீர்கள்’ என்று அவர் கேட்கலாம். கேட்க வேண்டும்.

கோளாறு, காரணம் இல்லாமல் எல்லா வழக்குக்கும் ஒரே அச்சில் இந்த நிபந்தனையை வார்ப்பதில் இருக்கிறது. தினக்கையெழுத்தால் தப்பியோட்டம் தடைபடும் என்பது வெறும் நம்பிக்கை. வடலூரில் 10.30க்குக் கையெழுத்துப் போட்டவர் பொழுது சாய்வதற்குள் பெங்களூரில் இருக்கலாம். உண்மையில் ஓடத் திட்டமிட்டவனுக்கு அது இருபத்துநான்கு மணி நேர அவகாசம். ஓட நினைக்காதவனுக்கோ அது தண்டனை. பண்ருட்டி முந்திரிக் கொட்டையுடைப்புக்கோ, நெய்வேலி ஒப்பந்த வேலைக்கோ காலை ஷிப்டுக்குப் போகிறவர் 10.30க்கு ஸ்டேஷனில் நின்றால் அன்றையக் கூலி போச்சு. சில நாளில் ரிஜிஸ்டர் எடுத்து வைக்கும் ஏட்டு பந்தோபஸ்துக்குப் போயிருப்பார், தைப்பூசம் மாதிரி நாளில் வடலூரில் அதைக் கேட்கவே வேண்டாம். காத்திருப்பு, டீ வாங்கி வரச் சொல்லல், சின்னச் சின்ன ஏவல். தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒரு மனிதனை ஸ்டேஷனுக்குப் பழக்கப்படுத்திவிடும் ஏற்பாடு இது. பணம் உள்ளவர் ஒரு மாதத்தில் தளர்வு மனு போட்டு வாரம் ஒருமுறை ஆக்கிக்கொள்வார். மற்றவர் மறு உத்தரவுக்காகக் காத்திருப்பார். கேட்காமல் அந்த மறு உத்தரவு வராது என்பதே அவருக்குத் தெரியாது.

ஒரு நல்ல நிபந்தனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோலாக நான் வைத்துக்கொள்வது ஒரு பெரிய வழக்கின் சின்ன வரியை. சங்கரராமன் கொலை வழக்கில் காஞ்சி மடாதிபதி ஜெயேந்திரர் 2004 நவம்பர் 11 அன்று இரவு ஆந்திரத்தின் மகபூப்நகரில் கைதானார். 2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது, குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை மடத்துக்குள் போகக் கூடாது என்றது. மடம் சாட்சிகள் இருக்கும் இடம் என்பது காரணம், குற்றப்பத்திரிகை என்பது காலக்கெடு, மடம் என்பது திட்டமான இடம். ஓர் இடத்துக்குப் போகாதே என்பதற்கும் ஓரிடத்திலேயே கிட என்பதற்கும் உள்ள தூரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் வழக்கையே தமிழ்நாட்டுக்கு வெளியே, புதுச்சேரிக்கு மாற்றியது உச்ச நீதிமன்றம். அங்கே 2013 நவம்பர் 27 அன்று எல்லாரும் விடுதலையானார்கள். தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் மதிப்பிடலாம். இங்கத்திய எல்லையைக் கடந்து போனால் நியாயம் கெட்டுவிடும் என்ற எண்ணத்தை அந்த மாற்ற உத்தரவு பொருட்படுத்தவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

போலீசின் கண்காணிப்பு ஆசைக்கு எல்லை போட்ட இன்னொரு தீர்ப்பு பிராங்க் விட்டஸ் வழக்கில் 2024 ஜூலை 8 அன்று வந்தது. ஜாமீனில் உள்ளவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைக் குறித்து விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் ரத்து செய்தார்கள். எந்நேரமும் ஆளின் அசைவைத் தொடரும் வழியைப் போலீசுக்குக் கொடுப்பது அந்தரங்க உரிமையை மீறும் என்பது அதன் சாரம். ஸ்டேஷன் கையெழுத்தை ஒழித்துவிட்டு மொபைலில் இருப்பிடம் அனுப்பச் சொல்லலாமே என்று சீர்திருத்தம் பேசுகிறவர்கள் உண்டு, ஒரு காலத்தில் எனக்கும் அது கவர்ச்சியாகத்தான் பட்டது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு அந்த வழி அடைபட்டது. அடைபட்டது நல்லதுதான்.

ஜாமீன்தார் விஷயத்திலும் எல்லை குறுக்கே வருகிறது. உள்ளூர்க்காரராக, ரத்த சொந்தமாக, சொத்து உள்ளவராக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. வடலூர் இளைஞனுக்காகப் பாகூரில் இருக்கும் தாய்மாமன் கையெழுத்துப் போட வந்தால், வேறு மாநிலம் என்று முகம் சுளிக்கிறார்கள். 1978இல் மோதி ராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். கொத்தனார் ஒருவரின் சகோதரரை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக ஏற்க மறுத்த மாஜிஸ்திரேட்டின் உத்தரவு அது. தமிழனோ மலையாளியோ தன் ஊருக்கு எட்டாத தூரத்தில் கைதானால் உள்ளூர் ஜாமீன்தாருக்கு எங்கே போவான் என்று அவர் கேட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வி பழசாகவில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை வீடுகளுக்கு மாநில எல்லையைவிட விமான நிலையம்தான் கவலை. எஃப்.ஐ.ஆர். விழுந்தாலே பாஸ்போர்ட் போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. 1967 பாஸ்போர்ட் சட்டம் தடையாகப் பார்ப்பது நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கை. வெறும் எஃப்.ஐ.ஆரும் விசாரணை நிலையில் உள்ள வழக்கும் அதில் சேராது என்று வெளியுறவுத் துறையே 2019 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகும், 1993 அறிவிக்கையின்படி அந்த நீதிமன்றத்தின் அனுமதி வாங்கிப் போகலாம். பயப்பட வேண்டியது லுக் அவுட் நோட்டீஸுக்கு. சுற்றி வளைக்காமல் சொன்னால், கைதுக்குப் பிடிகொடுக்காமலோ நீதிமன்றத்துக்கு வராமலோ இருப்பவரை விமான நிலையத்தில் நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. விசாரணைக்கு வந்துகொண்டிருந்தவர் மேல் போடப்பட்ட நோட்டீஸ் நிற்காது என்று கார்த்தி சிதம்பரம் வழக்கில் 2018 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அதை ரத்து செய்தது. நம் பேச்சுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அவர் ஆஜரான தேதிகள்தான் அவரைக் காப்பாற்றின என்பது.

ஆஜரான தேதிக்குச் சான்று வைத்துக்கொள்வதில் சாதாரண மனிதர் மிகவும் அலட்சியம். ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்ததற்கு எழுத்தில் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம். வெளி மாநிலத்துக்கு வேலையாகவோ வைத்தியத்துக்காகவோ போகத்தான் வேண்டும் என்றால், போகும் இடம், தங்கும் முகவரி, திரும்பும் தேதி எழுதி விசாரணை அதிகாரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் போட்டுவிட்டுப் போவதற்கு அதிகச் செலவில்லை. பின்னால் யாராவது ‘தலைமறைவு’ என்று எழுதினால், அந்தத் தபால் ரசீது பதில் சொல்லும். ஜாமீன் நிபந்தனை ஏற்கெனவே இருந்தால் கடிதம் போதாது. புறப்படுவதற்கு முன்பே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஜிப்மரில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த சீட்டு இருந்தால் அதோடு மனுப் போட வேண்டும். ‘அவசரம், போய்விட்டு வந்து சொல்லிக்கலாம்’ என்று கிளம்பினால் ஜாமீன் ரத்தாக அதுவே காரணமாகும், ஜாமீன்தார்களின் பத்திரப் பணமும் கேட்கப்படும்.

நிபந்தனை போடும் மாஜிஸ்திரேட்டுகளிடம் கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘மறு உத்தரவு வரும்வரை’ என்ற இடத்தில் ஒரு தேதி. ‘தமிழ்நாட்டை விட்டு’ என்று எழுதத் தோன்றும்போது, இந்த மாவட்டத்தில் புதுச்சேரி எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு நினைப்பு. காலை 10.30க்குப் பதிலாக மாலை 6 மணி, கூலிக்காரனுக்கு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏற்கெனவே இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறையில் இருப்போர், வருமானம் குறைந்தவர்கள் எல்லாருக்கும் 1987 சட்டப்படி அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு. கேப்பர் மலை மத்திய சிறையிலிருந்து கண்டிஷன் ஜாமீனில் வெளியே வருகிறவர் கையில், உத்தரவு நகலோடு சேர்த்து, நிபந்தனையை எப்போது, யாரிடம், எப்படித் தளர்த்தக் கேட்கலாம் என்று தமிழில் அச்சிட்ட அரைப்பக்கத் தாள் ஒன்றை அந்த ஆணைக்குழு கொடுக்க ஆரம்பித்தால், ‘கொஞ்ச நாள் வெளியூர்ல இரு’ என்று சொல்லும் குமாஸ்தாவுக்கு வேலை கொஞ்சம் குறையும்.